கொக்கி தாங்கும்

பிப்ரவரி 3, திங்கள்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக நான் ஓட்டுகிற பிக்கப் வண்டி, பின்னால் எவ்வளவு பாரம் இழுக்கும் என்று இன்றைக்குப் புஷ்பத்தின் மருமகன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "யானையக் கட்டுனாலும் வரும், யானைதான் சம்மதிக்கணும்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்காமல் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். புஷ்பம் பெரிய மிஷின் வாங்கப் போகிறாள். இப்போது அவளிடம் இருக்கிற கலவை மிஷின் சின்னது. சிமெண்டும் ஜல்லியும் மணலும் போட்டால் கலக்கிக் கீழே கொட்டும், அதோடு அதன் கடமை முடிந்தது. அங்கிருந்து மாடிக்குக் கொண்டுபோவது எங்களோடு வேலைக்கு வருகிற செட்டுப் பெண்களின் தலை. பெரிய மிஷினில் லிப்ட் உண்டு. கலவையை அதுவே மேலே தூக்கிவிடும். ஆனால் கனம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சின்ன மிஷினை இத்தனை காலமும் என் வண்டிக்குப் பின்னால் கட்டித்தான் ஊர் ஊராக இழுத்துப் போகிறோம். மிஷின் அவளுடையது, வண்டி என்னுடையது. பெரியதை இழுக்க வேண்டுமென்றால் வண்டிக்குக் கனத்த கொக்கி மாட்ட வேண்டும். மாட்டினால் வண்டி தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்காவிட்டால் ஒரு டிராக்டர் வாங்கிக்கொள்ளலாம், நானே ஓட்டுகிறேன் என்கிறான் மருமகன். சிவநேசன் என்று பெயர்.

"நல்ல யோசனைதான் மருமகப்பிள்ள" என்று நானும் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கு வைக்கோல் வைத்தாலும் இறங்கிவிடும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மைதீன் பாய் பட்டறைக்குப் போனேன். என் வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறவர் அவர்தான். வண்டிக்கு அடியில் புகுந்தவர் வெகுநேரம் சத்தமே இல்லாமல் கிடந்தார்.

"என்ன பாய், உறக்கமா?"

"யோசிக்கேன் தாயி."

"படுத்துக்கிட்டு யோசிச்சா வேலை நடக்கும்னா எங்க வீட்டுக்காரரு இந்நேரம் கலெக்டரு."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "ரெண்டு பக்கச் சேசிஸுலயும் தகடு வச்சு, போல்ட்டப் போட்டு முறுக்கிட்டா கொக்கி தாங்கும்."

"அப்ப மாட்டுங்க."

"கொக்கி தாங்கும்னு சொன்னேன். வண்டி தாங்கும்னு சொன்னனா?" கையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். மிஷினின் மூக்குக் கம்பி வந்து கொக்கியின்மேல் உட்காருமாம். பின்னால் அமுக்கினால் முன்னால் தூக்கும். "முன் சக்கரம் ரோட்டச் சும்மா தடவிக்கிட்டே போச்சுன்னு வையி. ஸ்டீரிங்க நீ எங்ஙன திருப்புனாலும் வண்டி அதும் இஷ்டத்துக்குத்தான் போவும்."

"எங்க வீட்டுல ஏற்கெனவே அப்படித்தான் பாய்."

"வெளையாடாத. இழுக்கதுக்கு எஞ்சின் இருக்கு. நிறுத்துததுக்கு என்ன இருக்கு? எதுக்கும் அந்த மிஷினக் கட்டி ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணு."

பாய் நிறையச் சொன்னார். புஷ்பத்துக்குப் போன் போட்டு, "கொக்கி தாங்குமாம்ளா" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. போனில் சார்ஜ் குறைவு.

பிப்ரவரி 5, புதன்

மாவு அரைத்தேன். வண்டிக்குக் காற்றுப் பிடித்தேன். வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆலங்குளத்துக்கு மேற்கே ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். தளம் போடுகிற நாளென்றால் விடியுமுன்பே கிளம்ப வேண்டும். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஒட்டு விழுந்து, மழைக்கு அந்த இடத்தில் ஒழுகும். பதினோரு பெண்களும் வண்டியின் பின்னால் ஏறி, கேபினை ஒட்டி முதுகு சாய்த்து உட்கார்ந்துகொள்வார்கள். அங்கேதான் காற்று அடிக்காது. புஷ்பம் முன்னால், என் பக்கத்தில். கண்ணாடியில் மிஷினைப் பார்த்துக்கொண்டே வருவது அவள் வேலை. நான் "வருதா?" என்பேன். "வருது" என்பாள். இவ்வளவுதான் பேச்சு. சில நாள் ஊர் போய்ச் சேரும்வரை இதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. இருந்தாலும் நிறையப் பேசின மாதிரி இருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலில் பார்த்துக்கொண்டதும் ஒரு தளத்தில்தான். எனக்குப் பதினாறு வயது. கல்யாண மண்டபம் கட்டினார்கள். அப்போது மிஷினெல்லாம் ஏது, தரையில் கொட்டி மம்பட்டியால் புரட்டுவதுதான். சாரத்தில் வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றி விடுவோம். எனக்கு மேல்படியில் ஒரு நெட்டைக் குமரி நின்றாள். அவள் திருப்பி விட்ட சட்டியில் பாதிக் கலவை அப்படியே இருந்தது, என் தலையில் வந்து கவிழ்ந்தது. கீழே இறங்கி அவள் சடையைப் பிடித்தேன். அவள் என் சடையைப் பிடித்தாள், அவள் கையெல்லாம் சிமெண்டு. கொத்தனார் வந்து பிரித்துவிட்டு, "இனி சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் பக்கத்துலதான் நிக்கணும்" என்று தண்டனை போட்டார். என் தலையில் காய்ந்தது போகாமல் மறுநாள் முடியை வெட்டிவிட்டார்கள். மொட்டைச்சி என்று அவள்தான் முதலில் கூப்பிட்டாள். இன்றைக்குக் கேட்டாலும் சட்டி மேல்தான் குற்றம் சொல்வாள்.

அந்தச் சாயங்காலம் மண்டபத்துக்காரர் எல்லாருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். கலவை தின்ற விரல் சால்னா பட்டு எரிந்தது. எரிய எரிய இரண்டு பேரும் ஒரே இலையில் தின்றோம். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பிரியாணி தின்றாயிற்று. அந்த எரிச்சல் எதிலும் வரவில்லை.

வண்டி வாங்கினபோது எனக்கு ஓட்டத் தெரியாது. வற்றின குளத்துக்குள் கொண்டுபோய்ப் பழகினேன். புஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். எனக்கு கியர் பழகுவதற்குள் அவளுக்குப் பக்கத்து ஊர்ச் சாமிகளெல்லாம் பழகிவிட்டன.

மதியம் இடைவேளையில் அவள் படியில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இருக்கிற மிஷினுக்கு என்னளா? பெருசு எதுக்கு? பவுசா?" என்று சீண்டினேன்.

"முட்டி போச்சுளா. எனக்கு மட்டுமா? நம்ம செட்டுல யாருக்கு முட்டி இருக்கு, கையத் தூக்கச் சொல்லு பாப்போம்."

"கையத் தூக்கச் சொன்னா தோளும் போச்சும்பாளுக."

சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "இந்த வருசம் லிப்டு வரலன்னா செட்டக் கலைக்க வேண்டியதுதான் பேச்சி."



பிப்ரவரி 9, ஞாயிறு

கொக்கி மாட்டச் சொல்லி பாயிடம் சொல்லிவிட்டேன். பின்பக்கம் வில்லுப் பட்டையும் கூடுதலாக இரண்டு வைக்கிறாராம்.

வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுத்துக் கேட்டார்: "வண்டி தாங்குமா?"

"உங்கள இத்தன வருசமா இழுக்கேன், எனக்குக் கொக்கியா இருக்கு?"

மறுபடி டிவிக்குள் போய்விட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வேலை கிடையாது. விடியற்காலையில் பால் வாங்கப் போனேன். பால் கடை கிழக்கே. வண்டி மேற்கே திரும்பி, புஷ்பத்தின் வீட்டு முன்னால் போய் நின்றது. பழக்கதோஷம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "இன்னைக்கு எந்த ஊருக்குளா தளம்?" என்றாள். "உன் கோலம் கோணலான்னு பாக்க வந்தேன்" என்றேன். கோணல்தான்.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கொக்கி மாட்டியாயிற்று. கறுப்புப் பெயிண்ட் அடித்து, என் வண்டிக்கு மீசை முளைத்த மாதிரி இருக்கிறது, மீசை மட்டும் பின்பக்கம்.

புஷ்பம் பேசி வைத்திருக்கிற மிஷின் பாவூர்சத்திரத்தில் ஒருத்தரிடம் நிற்கிறது. இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று அவரே சொல்லியிருந்தார். தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். கேட்டால்தானே? புது மிஷினை முதலில் இழுக்கும்போது செட்டு மொத்தமும் வண்டியில் இருக்க வேண்டும், அதுதான் ராசி என்றாள் புஷ்பம். சின்ன மிஷின் வாங்கின அன்றைக்கும் அப்படித்தான் ஏறினோம். இன்றைக்கும் பதினோரு பேரும் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஏறி, கேபினில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து குலவை போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளப்பினேன்.

என்ன சொல்ல! ரயில்வே மேம்பாலத்தில் தேர் மாதிரி ஏறிற்று. இறங்கும்போது பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளின மாதிரி இருந்தது. பிரேக் பிடித்ததும் நின்றது.

"வருதா?"

"வருதுளா! ராணி மாதிரி வருது!"

அங்கேயே புஷ்பம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். சிவநேசன்கூடக் கொக்கியைக் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல பெரியம்மா" என்றான். முதன்முதலாக அவன் மூஞ்சி எனக்குப் பிடித்தது.

எல்லாருக்கும் பிரியாணி. வீட்டுக்காரருக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார். உங்களுக்குப் பிரியாணி கிடைத்திருக்கிறதே, அதுதான் விசேஷம் என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பாய் பட்டறையிலிருந்து போன் வந்தது. போல்ட்டை எல்லாம் இன்னொரு தடவை முறுக்க வேண்டும், மிஷினோடு ஒரு நடை தானும் வந்து பார்க்கிறேன் என்றார். போனோம். மிஷினைக் கட்டினோம். பெண்கள் யாரும் இல்லை, நானும் பாயும்தான்.

பாலம் ஏறும்போது ஸ்டீரிங் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. திருப்பினால் திரும்புகிறது, ஆனால் வண்டிக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. இடது பக்கக் கைப்பிடிச் சுவரைப் பார்த்துப் போனது. காலை எடுத்தேன், எப்படியோ நேரானது. இறக்கத்தில் மிஷின் பின்னாலிருந்து தள்ளு தள்ளு என்று தள்ளிற்று.

"வருதா?" என்று கேட்டுவிட்டேன்.

"எது?" என்றார் பாய். இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கீழே வந்து ஓரமாக நிறுத்தினேன். அப்புறம் பாய் கேட்டார்: "நேத்து எப்படிப் போச்சு?"

"தேர் மாதிரி போச்சு."

"வண்டியில யாரு இருந்தா?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பதினோரு பேரும் முன்பக்கம் உட்கார்ந்து வண்டியை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். நாங்கள் கொக்கியைச் சோதித்ததாக நினைத்துக்கொண்டோம், சோதித்தது அவளுகள் கனத்தை.

"அப்ப எப்பவும் அவங்கள ஏத்திக்கிட்டே போனா?" என்றேன்.

"ஏத்தத்துக்குச் சரி. எறக்கத்துல அவங்க கனமும் சேந்துல்லா தள்ளும்? பிரேக்கு பிடிக்கலன்னா பன்னெண்டு குடும்பம் தாயி."

"என்னையும் சேத்துப் பதிமூணு."

"இதுலயும் வெளையாட்டா?"

விளையாட்டு இல்லை. எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 15, சனி

வெங்காயம் விலை இறங்கியிருக்கிறது. புஷ்பம் போன் செய்தாள். வியாழக்கிழமை 27ஆம் தேதி புது மிஷினுக்கு முதல் தளம் பிடித்துவிட்டாளாம். சந்தோஷமாகப் பேசினாள். நானும் பேசினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சின்ன மிஷினோடு கடைசித் தளம். திரும்பி வரும்போது மெதுவாக ஓட்டினேன். மாட்டுவண்டி ஒன்று எங்களை முந்திப் போனது. "ஏளா, டயர்ல காத்து இல்லையா?" என்றாள் புஷ்பம். இருக்கிறது என்றேன். வழியில் டீ குடிக்கலாமா என்றேன். குடித்தோம். இன்னொரு டீ குடிக்கலாமா என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டேன். புஷ்பம் அடுப்பங்கரையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கை உரித்தேன்.

"வண்டி தாங்காதுளா."

"அன்னைக்கு வந்துச்சே?"

"அன்னைக்கு நீங்க அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்திய. ஆளில்லாம பாயும் நானும் போனோம். மூக்கத் தூக்கிட்டுது. சுவரப் பாத்துப் போச்சு."

"அப்ப நாங்க உக்காந்துக்கிடுதோம். எப்பவும் உக்காரத்தான செய்யோம்?"

"எறக்கத்துல பிரேக்கு பிடிக்காதுளா. எல்லாவளும் உக்காந்த மேனிக்கே போய்ச் சேந்துருவாளுவ. கனகாம்பரம் வச்ச மேனிக்கு."

அவள் கையிலிருந்த கத்தி நின்றது. "எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழம."

"இன்னைக்குச் செவ்வா."

"நடுவுல ஞாயித்துக்கிழம லீவு."

சிரிக்கவில்லை. "ஏன் சொல்லல?"

சொன்னால் டிராக்டர் வாங்கிவிடுவாய் என்பது தொண்டை வரைக்கும் வந்தது. வெங்காயம் கண்ணைக் கரித்தது. "மிஷினு நல்ல மிஷினு, விட்டுராத. டிராக்டர் வாங்கி இழு. மருமகப்பிள்ள தங்கமா ஓட்டுவாரு" என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தாள். "உன் வாயால அவனத் தங்கம்னு சொல்லுத. அப்ப நெசமாத்தான் தாங்காது போலிருக்கு."

நான் கிளம்பும்போது அவள் எழுந்து வரவில்லை. முட்டி வலியாக இருக்கும்.

பிப்ரவரி 19, புதன்

புஷ்பம் போன் செய்யவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கொக்கியைக் கழற்றச் சொன்னேன். "இருந்தா சோறா கேக்கப் போவுது?" என்றார் பாய். அதுவும் சரிதான். கொக்கியில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறேன். நாலு சேலை தாங்குகிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

வாழைத்தார் சவாரி. பக்கத்து சீட்டில் வியாபாரியின் குடை வந்தது. நல்ல குடை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

டிராக்டர் வந்துவிட்டது. சிவப்பு. மாலையெல்லாம் போட்டு, சிவநேசன் சட்டைக்கு இஸ்திரி போட்டு ஏறி உட்கார்ந்திருந்தான். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று போனேன். எலுமிச்சம்பழம் நானே வைத்தேன். மிஷினைக் கட்டித் தெருவில் ஒரு நடை போய் வந்தான். முன் சக்கரம் அசையவில்லை. பெரிய சக்கரத்துக்கு என் தோள் உயரம். நல்ல வண்டி, குறை சொல்ல ஒன்றுமில்லை. தேடிப் பார்த்தேன்.

புஷ்பம், "வந்துட்டியா" என்றாள். "ஆமா" என்றேன். கேசரி கொடுத்தாள்.

பிப்ரவரி 26, புதன்

நாளைக்குத் தளம். எனக்குச் சோலி இல்லை. வண்டியைக் கழுவினேன். பக்கத்து சீட்டில் புஷ்பம் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. உறையை மாற்றலாம் என்று பழைய துணி எடுத்தேன். வேறு வேலை வந்துவிட்டது.

பிப்ரவரி 27, வியாழன்

போக வேண்டியதில்லை என்றாலும் கண் அந்த நேரத்துக்கு விழித்துக்கொண்டது. காப்பி போடலாம் என்று வெளியே விளக்கைப் போட்டால், வண்டிக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். திருடன் என்று விளக்குமாற்றோடு போனேன். புஷ்பம். மடியில் சட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் செட்டுப் பெண்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள்.

"என்னளா இங்க? டிராக்டர்ல போகல?"

"மட்கார்டுல ஏறி உக்காருங்க அத்தைங்கான். எம் முட்டி ஏறுமா? ஏறுனாலும் எறங்குமா?"

"மிஷினத்தான் நான் இழுக்கலையே. இந்த வண்டி என்னத்துக்கு?"

"சட்டி, மம்பட்டி, தண்ணி டிரம்மு, இந்தப் பதினோரு பவுசுக்காரிய. இவ்வளவயும் டிராக்டர் தலையிலயா ஏத்துவான்? அதுக்கு ஒரு வண்டி வேணும்லா? அது நீதான்னு அன்னைக்கே முடிவு பண்ணியாச்சு."

"என்னைக்கு?"

"வெங்காயம் உரிச்ச அன்னைக்கு."

"வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்லா? ஒம்பது நாளாச்சு."

"நீ நாலு நாளு வாயத் தெறக்கல. நான் வட்டியும் சேத்து ஒம்பது. எடு வண்டிய."

விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சாவியை எடுத்து வந்தேன். வீட்டுக்காரர் படுக்கையிலிருந்து எங்கே என்று கேட்டார். தளத்துக்கு என்று கத்தினேன். கொஞ்சம் சத்தமாகவே கத்திவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து வீட்டிலும் விளக்கு எரிந்தது.

பின்னால் பாரமில்லாத வண்டி இறகு மாதிரி போனது. பெண்கள் பழைய நடவுப் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். புஷ்பம் இடையிடையே தப்பாகப் பாடினாள். நான் திருத்தினேன். திருத்தினதுதான் தப்பு என்றாள் அவள். வழி நெடுக இதே சண்டைதான்.

ஊருக்குள் நுழைகிற முனையில் பின்னால் மிஷின் கட்டியிருந்தால் அகலமாக வாங்கித் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் மிஷின் சுவரில் உரசும். அகலமாக வாங்கித் திருப்பினேன். பின்னால் மிஷின் இல்லை. முன்னால் ஒருத்தர் வீட்டு எருக்குழி இருந்தது. முன் சக்கரம் இரண்டும் அதில் இறங்கின. யாருக்கும் அடியில்லை. சிவநேசன் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு போட்டு இழுத்தான். புஷ்பம் சீட்டை விட்டு இறங்கவில்லை. தளம் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. குழிக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எருவில் பாதி டயரோடு போகிறது என்றார். கழுவி அவரிடமே கொடுத்தேன்.